நான்கு தக்காளியும் 78 ரிங்கிட்டும்: வீட்டுத் தோட்டத்தில் எதை நட்டால் காசு மிஞ்சும்?

2020 மே மாதம். மக்கள் நடமாட்டக் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்திருந்த நேரம். நான் அப்போது ஐந்தாம் படிவம். பள்ளி இல்லை, எஸ்பிஎம் தேர்வும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிருந்தது. தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கூடுதல் நேர வேலை நின்றுபோனதால், அம்மா ஒவ்வொரு ரிங்கிட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தார். வீட்டு முன்புறத்தில் காய்கறி நட்டால் சந்தைச் செலவு குறையுமே என்று எனக்குத் தோன்றியது.

உடனே காரியத்தில் இறங்கினேன். தொட்டி ஆறு, ஒன்று 6 ரிங்கிட். மண் நான்கு பை, ஒன்று 6 ரிங்கிட். விதைப் பொட்டலம் ஆறு, ஒன்று 3 ரிங்கிட். ஆக மொத்தம் 78 ரிங்கிட். பொட்டலங்களில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் விதைகளைத் தேர்ந்தெடுத்தேன்: தக்காளி, கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய், கொத்தமல்லி, ஸ்ட்ராபெரி.

மூன்று மாதம் கழித்து நிலவரம் இதுதான். கேரட் சுண்டுவிரல் அளவில் மூன்று கிளையாகப் பிரிந்து கிடந்தது. முட்டைக்கோஸ் உருண்டு திரளவே இல்லை. இலையைப் புழு தின்றுவிட்டது. கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்து முடிந்தது. குடைமிளகாய் பூவை உதிர்த்துக்கொண்டே இருந்தது. ஸ்ட்ராபெரி முளைக்கவே இல்லை. தக்காளிச் செடி மட்டும் நான்கு பழம் கொடுத்தது. பிறகு ஒரு நாள் காலையில் பச்சையாகவே வாடித் தலை கவிழ்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தக்காளியின் விலை 19 ரிங்கிட் 50 சென்!

பாட்டி கேட்ட ஒரே கேள்வி

மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்ய அனுமதி கிடைத்ததும் பேராக்கிலிருந்து பாட்டி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வாடிய தக்காளியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். கறுத்துப்போன புதினா ஒரு பொட்டலம், பாதி அழுகிய சிலி பாடி ஒரு பொட்டலம், காய்ந்த கறிவேப்பிலை ஒரு பொட்டலம். மூன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்யா, கடையில மலிவா குவிஞ்சு கெடக்குறத தொட்டியில வச்சிருக்க. அம்மா வாராவாரம் காசு குடுத்து வாங்கி, பாதியத் தூக்கிப் போடுறாளே, அத ஏன் வைக்கல?"

இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முருங்கை, கறிவேப்பிலை, பசலை, மிளகாய், மரவள்ளி என்றுதான் பெரும்பாலும் பட்டியல் வரும். இவை ஒரு முறை நட்டால் பல மாதம், சில சமயம் பல ஆண்டு, கேட்கும்போதெல்லாம் கொடுப்பவை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மலாயா மக்களின் வயிற்றை நிரப்பியது மரவள்ளிக்கிழங்குதான். பின்னர் 1974இல், உணவு விலை ஏறிய காலத்தில், துன் அப்துல் ரசாக்கின் அரசாங்கம் 'புக்கு ஹிஜாவ்' எனும் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, காலி நிலத்தில் உணவுப் பயிர் நடும்படி மக்களை ஊக்குவித்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் நாம் மண்ணைத் தேடிப் போவது புதிய பழக்கமல்ல. ஆனால், எதை நடுவது என்பதில் நம் தாத்தா பாட்டிகளுக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை.

முதல் வேலை: இரண்டு வாரக் குறிப்பு

எனவே மாணவர்களே, விதைக் கடைக்குப் போகுமுன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். இரண்டு வாரத்துக்கு உங்கள் வீட்டில் வாங்கும் காய்கறி, கீரை, வாசனை இலை அனைத்தையும் எழுதுங்கள். நான்கு பத்தி போதும்: பொருள், விலை, எத்தனை முறை வாங்கினோம், எவ்வளவு தூக்கிப் போட்டோம்.

நான்காவது பத்திதான் முக்கியம். ஒரு குழம்புக்கு நான்கு ஈர்க்கு கறிவேப்பிலை போதும். ஆனால், கடையில் நான்கு ஈர்க்கு கிடைக்காது. பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும். மீதி காய்ந்துபோகும். பண்டான், புதினா, செராய், சிலி பாடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். செடி நம் வீட்டில் இருந்தால் வேண்டியதை மட்டும் பறிக்கலாம். மீதி செடியிலேயே கெடாமல் இருக்கும். குளிர்பெட்டியைவிடச் செடி நல்ல சேமிப்புக் கிடங்கு.

வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவை பணம் அதிகம் போகும் வரிசையில் முன்னால் வரலாம். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றை நாம் வீணாக்குவது குறைவு. வீட்டில் விளைவிப்பதும் கடினம்.

ஒரு தொட்டி, ஒரு மாதம், எத்தனை ரிங்கிட்?

எஸ்பிஎம் பொருளியல் பாடத்தில் 'கோஸ் லெப்பாஸ்' என்று படித்திருப்பீர்கள். தமிழில் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றைக் கைவிடுகிறோம் என்பதே அதன் பொருள். வீட்டுத் தோட்டத்தில் அரிதான வளம் விதையல்ல. வெயில் படும் இடம். ஐந்து தொட்டிக்குத்தான் இடம் என்றால், ஒவ்வொரு தொட்டியும் மாதத்துக்கு எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று கேட்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பயிரால் நீங்கள் கடையில் வாங்காமல் விட்ட பொருளின் மதிப்பை, அது தொட்டியில் இருந்த மாதங்களால் வகுத்து விடுங்கள். கீழே உள்ள விலைகள் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள்.

முட்டைக்கோஸ்: எல்லாம் சரியாக நடந்தாலும் மூன்று மாதத்தில் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். ஒரு கிலோ 4 ரிங்கிட் என்று வைத்தால், மாதம் 1 ரிங்கிட் 30 சென்.

வெண்டை: ஒரு செடி மூன்றரை மாதத்தில் ஏறக்குறைய 350 கிராம் காய் தருகிறது என்று வையுங்கள். கிலோ 7 ரிங்கிட் என்றால், தொட்டிக்கு மாதம் 70 சென்.

கங்கோங்: சந்தையில் தூக்கிப் போடும் ஒரு போலிஸ்டைரின் பெட்டியில் மாதம் 700 முதல் 800 கிராம் அறுக்கலாம். கிலோ 5 ரிங்கிட் என்றால், ஏறக்குறைய 4 ரிங்கிட்.

சிலி பாடி: வாரம் 2 ரிங்கிட்டுக்கு வாங்கும் வீடு என்றால், காய்க்கத் தொடங்கிய இரண்டு செடி அந்த 8 ரிங்கிட்டையும் மிச்சப்படுத்தும். தொட்டிக்கு மாதம் 4 ரிங்கிட். ஆனால், காய்க்கும்வரை காத்திருக்கும் மாதங்களைச் சேர்த்து ஓர் ஆண்டுக்குச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய 3 ரிங்கிட்.

கறிவேப்பிலை: வாரம் 1 ரிங்கிட் பொட்டலம் என்றால், நன்கு வளர்ந்த ஒரு செடிக்கு மாதம் 4 ரிங்கிட்.

காய்த்துக் குலுங்கும் வெண்டையும் பெரிய முட்டைக்கோசும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால், தொட்டி கணக்கில் சாதாரணக் கீரையும் வாசனை இலையும் அவற்றை எளிதாக வென்றுவிடுகின்றன. வெண்டையை நடவே கூடாது என்பதல்ல. மண் தரை இருப்பவர்கள் தாராளமாக நடலாம். இரண்டு மீட்டர் நீள வேலியோரம் ஆறு செடிக்குப் போதும். தொட்டி மட்டுமே உள்ளவர்கள் யோசித்து நட வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் வீட்டில் யாரும் புதினா சாப்பிடுவதில்லை என்றால், புதினாத் தொட்டி மிச்சப்படுத்தும் பணம் பூஜ்யம். உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இல்லாத பயிருக்கு உங்கள் தொட்டியிலும் இடமில்லை.

வெயில் எங்கே விழுகிறது?

அடுத்த கேள்வி வெயில். காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். பண்டான், புதினா போன்றவை அரை நிழலிலும் வளரும்.

விடுமுறை நாளில் காலை 9 மணி, நண்பகல் 12 மணி, பிற்பகல் 3 மணி, மாலை 5 மணி என்று நான்கு முறை உங்கள் இடத்தைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். தீபகற்ப மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. பிற்பகல் 1 மணி தாண்டித்தான். அதனால் மதியத்துக்குப் பிந்திய படங்களையும் கவனமாகப் பாருங்கள்.

அடுக்குமாடியில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் நடுப்பகுதியில் சூரியன் வடக்குப் பக்கமாகவும் ஆண்டு இறுதியில் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து செல்லும். வடக்கு நோக்கிய மாடத்தில் ஜூனில் செழித்த மிளகாய் டிசம்பரில் சோர்ந்து போனால் அது உங்கள் குற்றமல்ல. புவியியல் பாடம் உங்கள் வீட்டு மாடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நடத் தகுந்தவை

முதல் வகை, பல ஆண்டுப் பயிர்கள். ஒரு முறை செலவு, நீண்ட பலன். கறிவேப்பிலை, பண்டான், செராய், முருங்கை ஆகியவை இதில் அடங்கும். கறிவேப்பிலை முதலில் மெதுவாகத்தான் வளரும். விதையிலிருந்து தொடங்காமல் முழங்கால் உயரக் கன்றாக வாங்கி, முதல் மூன்று மாதம் பறிக்காமல் விடுங்கள். பிறகு நுனியைக் கிள்ளிப் பறித்தால் பக்கக் கிளைகள் வரும். பண்டான் தூரில் வேரோடு முளைக்கும் கன்றை அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும். சந்தையில் வாங்கும் செராயின் அடித்தண்டு கெடாமல் இருந்தால், நீரில் நிறுத்தி வையுங்கள்; ஓரிரு வாரத்தில் வேர் விடும். முருங்கைக்கு மண் தரை இருப்பது நல்லது. கை தடிமன் உள்ள கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும். ஆனால், அடிக்கடி வெட்டிக் குட்டையாக வைக்காவிட்டால் கூரையைத் தொட்டுவிடும்.

இரண்டாம் வகை, வேகமான கீரைகள். கங்கோங் விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் நான்கு வாரத்துக்குள் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் தரையிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். சிவப்புத் தண்டுக்கீரை, பச்சைக்கீரை ஆகியவையும் ஒரு மாதத்துக்குள் தயார். பெட்டி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இரண்டு பெட்டியை இரண்டு வார இடைவெளியில் விதைத்தால், ஒரு வாரம் கீரை மலையாகக் குவிந்து மறு வாரம் ஒன்றுமில்லாமல் போகும் நிலை வராது. பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை ஆகியவை தண்டை நட்டாலே வரும். விதைச் செலவே இல்லை.

சாயூர் மானிஸ் கீரையும் நம் வெயிலுக்குச் சிறப்பாக வரும், வேலிபோல் நடலாம். ஆனால், அதைச் சமைத்து, அளவோடுதான் உண்ண வேண்டும். உடல் இளைக்கும் என்று நம்பி 1990களின் நடுவில் தைவானில் பலர் அதைப் பச்சைச் சாறாகத் தொடர்ந்து குடித்தார்கள். அவர்களுக்குக் கடுமையான நுரையீரல் பாதிப்பு ஏற்பட்டது. சமூக ஊடகத்தில் 'பச்சைச் சாறு' காணொளி பார்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் வகை, சிறிது சிறிதாக அடிக்கடி வாங்குபவை. சிலி பாடியும் புதினாவும் இங்கே முதலிடம். நன்கு பழுத்த சிவப்பு மிளகாயின் விதையைக் காயவைத்து நடலாம். விதைத்ததிலிருந்து பறிக்க ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு மாதம் ஆகும்; பிறகு ஓராண்டுக்கு மேலும் காய்க்கும். இலை சுருண்டால் பேன் போன்ற சிறு பூச்சிகளோ சிலந்தி வகைகளோ சாறு உறிஞ்சுகின்றன என்று பொருள். சுருண்ட நுனியைக் கிள்ளி எறியுங்கள். ஒரு லிட்டர் நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். சந்தைப் புதினாவில் தடித்த தண்டு நான்கைப் பொறுக்கி, கீழ் இலைகளை நீக்கி நீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் தெரியும். புதினா பரவி அடுத்த செடியை நெருக்கும். அதற்குத் தனித் தொட்டி கொடுத்துவிடுங்கள்.

வெங்காயத் தாள் தேவைப்படும் வீட்டில், முளைத்துப்போன சின்ன வெங்காயத்தைத் தூக்கிப் போடாமல் மண்ணில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் தாளை வெட்டலாம்.

கடையில் வாங்கினாலே லாபம்

பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். கேரட்டும் முட்டைக்கோசும் கேமரன் மலையில் நன்றாக வருவதற்குக் காரணம் அதன் உயரமும் குளிரும். கிள்ளானிலோ சிரம்பானிலோ அந்தக் குளிரைத் தொட்டிக்குள் கொண்டுவர முடியாது. நான் 78 ரிங்கிட் கொடுத்துக் கற்ற பாடம் இது.

பெரிய வெங்காயத்துக்கு நம் நாடு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது அதன் தாக்கம் இங்கும் வந்தது. அப்போது வீட்டிலேயே வெங்காயம் நடலாமே என்று தோன்றும். ஆனால், நம் சமவெளியின் வெப்பத்திலும் மழையிலும் அது சரியாகத் திரள்வதில்லை. விலை ஏறியது என்பதற்காக மட்டும் ஒரு பயிரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தக்காளி ஆசை விடவில்லை என்றால் சிறிய செர்ரி வகையை ஒரு தொட்டியில் முயன்று பாருங்கள். என் செடியைக் கொன்றது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. வாடிய செடியின் தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால்போல் ஒன்று நூலாக இறங்கும். அதுதான் அடையாளம். அந்த மண்ணில் தக்காளி குடும்பத்தைச் சேர்ந்த மிளகாயையோ கத்தரியையோ மீண்டும் நடக் கூடாது. அந்த மண்ணில் நான் பிறகு கங்கோங் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

சேமிக்கப் போய்ச் செலவழிக்காதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் பணம் போவது பயிருக்கல்ல, பொருள்களுக்குத்தான். வண்ணத் தொட்டி, இரும்பு அடுக்கு, தானியங்கி நீர்க்குழாய் என்று இணையக் கடையில் வாங்கத் தொடங்கினால் ஓராண்டுக் கீரையாலும் அதை ஈடுகட்ட முடியாது. காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் போலிஸ்டைரின் பெட்டி பெரும்பாலும் சும்மா கிடைக்கும். பத்துக் கிலோ அரிசிப் பை, எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கலன் எல்லாம் தொட்டிதான். அடியில் ஐந்தாறு ஓட்டை போட மறக்காதீர்கள். வண்ணச் சாயமோ இரசாயனமோ இருந்த வாளியை உணவுப் பயிருக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மண் மட்டும் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. ஓர் அறுவடைக்குப் பின் அதைக் கொட்டிவிடாமல் கிளறி, கோழி எருவோ மக்கிய குப்பையோ கலந்து மீண்டும் பயன்படுத்துங்கள். உரத்தில் எளிய விதி ஒன்று உண்டு. கீரைக்குத் தழைச்சத்து வேண்டும். காய்க்கும் செடிக்குப் பூக்கத் தொடங்கியதும் சாம்பல்சத்து கூடுதலாக வேண்டும். மிளகாய்க்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும்; காய் வராது.

கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள்

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் கவனம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வாரம் இரு முறை தட்டு நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தால் தட்டே வேண்டாம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். இரண்டு ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். டிங்கி காய்ச்சலோ பணத்தைவிடப் பெரிய இழப்பு.

அடுக்குமாடிவாசிகள் தொட்டியை மாடத்தின் தடுப்புச் சுவர்மேல் வைக்கவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு சின்னத் தொட்டி உயிரைப் பறிக்கும். பொது நடைபாதையில் வைப்பதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்.

விடுதி மாணவர்களுக்கு

பல்கலைக்கழக விடுதியில் தொட்டிக்கும் இடமில்லையா? பச்சைப் பயறு இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பயற்றை ஓர் இரவு ஊறவைத்து, ஓட்டையிட்ட பாத்திரத்தில் போட்டு இருட்டில் மூடி வையுங்கள். நாளுக்கு மூன்று முறை சுத்தமான நீரில் அலசுங்கள். மூன்று நான்கு நாளில் எடையில் நான்கைந்து மடங்கு முளைப்பயறு கிடைக்கும். வெயில் வேண்டாம், மண் வேண்டாம். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். மீ கோரெங்கில் போட்டாலும் சரி, பொரியல் செய்தாலும் சரி.

என் கணக்கு எப்போது நேரானது?

பாட்டி சொன்னபடி அந்த ஆகஸ்டில் மீண்டும் தொடங்கினேன். இம்முறை கறிவேப்பிலைக் கன்றுக்கு 8 ரிங்கிட், கங்கோங் விதைக்கும் வெண்டை விதைக்கும் 6, மண் இரண்டு பை 12, கோழி எரு 5. மொத்தம் 31 ரிங்கிட். சிலி பாடி விதையும் புதினாத் தண்டும் எங்கள் சமையலறையிலிருந்தே வந்தன. பண்டான் பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்தது. பெட்டி சந்தையில் கிடைத்தது.

ஆறு மாதத்தில் நாங்கள் வாங்காமல் விட்டவற்றை எழுதி வைத்தேன். கங்கோங் 20 ரிங்கிட், சிலி பாடி 20, புதினா 15, வெண்டை 15, கறிவேப்பிலை 12, பண்டான் 10. மொத்தம் 92. செலவான 31ஐக் கழித்தால் 61 ரிங்கிட் மிச்சம். ஆனால், முதல் முயற்சியில் போன 78ஐயும் சேர்த்தால் அப்போதும் 17 ரிங்கிட் நட்டம்தான். எஸ்பிஎம் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஏழாவது மாதத்தில்தான் அந்த 17 ரிங்கிட் திரும்பி வந்தது.

தொகை பெரிதல்ல என்பது எனக்கும் தெரியும். இதனால் எங்கள் வீட்டுக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. மாதம் 20 ரிங்கிட் என்பது அப்பா இழந்த கூடுதல் நேரச் சம்பளத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. இருந்தாலும், வீட்டுச் செலவில் என் பங்கு என்று அம்மாவிடம் காட்ட என்னிடம் அந்த ஆண்டு ஒரு பயிற்சிப் புத்தகம் இருந்தது. அம்மா அதை ஒரு முறை முழுவதும் படித்தார். பிறகு சந்தைக்குப் போகும் பட்டியலிலிருந்து கறிவேப்பிலையையும் மிளகாயையும் அடித்துவிட்டார்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுத்து, காய்ந்து, அழுகிக் கிடக்கும் பொட்டலம் எது? உங்கள் முதல் தொட்டியில் நட வேண்டியது அதுதான்.